சிவப்பு வாளி

மகளிர் விடுதி
9 ஜூலை 2023

கர்த்தருக்குள் அன்பான தங்கை பெமிலாவுக்கு அக்கா ஜெஸ்பின் எழுதுவது.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மட்டும் ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஜிபின் என்னைத் தேடுகிறானா, இல்லை சித்தி நீ வாங்கிக் கொடுக்கும் மிட்டாயில் அம்மையை மறந்தே போனானா?

நான் போன் எடுக்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாய். வந்த அன்றே போனை வாங்கி வார்டன் அறையில் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் முன்னால் நின்று, ஸ்பீக்கரில் போட்டுக் கொஞ்ச நேரம் பேசலாம். படிக்க வந்த பிள்ளைகளுக்குப் போன் எதற்கு என்கிறாள். முப்பத்திரண்டு வயதில் நான் பிள்ளையாம்! அதனால் இனி கடிதம்தான். எழுதி அவளிடம் கொடுத்தால் தபாலில் சேர்ப்பாளாம்.

சான்றிதழ் எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்பாய். நர்சிங் டிப்ளமோவும் நர்சிங் கவுன்சில் பதிவும் நான் வரும் முன்னமே ஆபீஸ் அலமாரியில் ஏறிவிட்டன. போதகர் அந்த ஃபைல் மேல் கை வைத்து ஜெபித்து, சபைச் செயலர் ரசலையன் மாமா கையில் கொடுத்த அன்று, நீ "ரசீது தருவினுமா மாமா?" என்று கேட்டாயே. அம்மா உன் தொடையில் கிள்ளியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பீடத்தில் வைத்து ஜெபித்ததற்கு யாராவது ரசீது கேட்பார்களா, ஏட்டி?

மயிலாடி அஞ்சு நினைவிருக்கிறதா, என்னோடு டிப்ளமோ படித்தவள்? இந்தக் கல்லூரியைப் பற்றி என்னிடம் சொன்னதே அவள்தான். நான் வந்த அன்றே அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். கோர்ஸ் முடிந்ததாம். வராந்தாவில் கண்டதும் என் கையைப் பிடித்தாள். பிறகு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். "ஒரு சாயா குடிச்சிட்டுப் போ, ஏட்டி" என்றேன், நிற்கவில்லை. அவள் கட்டில்தான் எனக்கு. கட்டிலுக்கடியில் அவளுடைய சிவப்பு வாளி கிடக்கிறது. நெயில் பாலிஷால் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். அதற்கு மேலே வேறு யாருடைய பெயரையோ சுரண்டி எடுத்த தடம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஒரு மாமரம்.

இரண்டே வருஷம். போஸ்ட் பேசிக் டிகிரி கையில் வந்துவிட்டால் அயர்லாந்துக்கு விண்ணப்பிக்கலாம். உன் அத்தான் டெனிஷ் மஸ்கட்டில் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு வரலாம். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்போம். அதற்காக ஜெபித்துக்கொள்.

எல்லாருடைய சுகத்துக்கும் பதில் எதிர்பார்க்கும்
உன் அக்கா ஜெஸ்பின்


திருவட்டாறு
30 ஜூலை 2023

பாசமுள்ள அக்காவுக்கு, தங்கச்சி பெமிலா தோத்திரம் சொல்லி எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்து வாய் கூடியிருக்கிறது. ஜிபின் உன்னைத் தேடுகிறான். ஆனால் மிட்டாயையும் தேடுகிறான், உள்ளதைச் சொல்லவேண்டுமே. டெனிஷ் அத்தான் தினமும் கூப்பிட்டு, "அவ என்ன செய்யா, தின்னாளா?" என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன ஜெஸ்பின் நிலவரம் வாசிக்கும் ரேடியோவா?

எனக்கும் மார்த்தாண்டம் கிளினிக் வெறுத்துவிட்டது, அக்கா. "சிஸ்டர்" என்று கூப்பிடுகிறவன் எல்லாம் டாக்டர் எப்போது வருவார் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறான். டிப்ளமோவோடு நின்றால் சாகும்வரை இந்த ஸ்டூல்தான். போஸ்ட் பேசிக் முடித்து எம்.எஸ்சி. சேரலாம், கல்லூரியில் பாடம் எடுக்கலாம். ஐ.சி.யூ. பக்கம் நர்ஸ் பிராக்டிஷனர் என்றும் ஒரு படிப்பு இருக்கிறதாம். எதில் போவது என்று மண்டை காய்கிறது. நீ முன்னால் நடக்கிறாய், வழியில் முள் கிடந்தால் சொல்லு, கேட்டியா?

கிளாஸ் எப்படி? என்ன பாடம் முதலில்? யார் எடுக்கிறார்கள்? ஒன்றுவிடாமல் எழுது. 

உன் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்
பெமிலா


மகளிர் விடுதி
17 செப்டம்பர் 2023

அன்பான பெமிலாவுக்கு, அக்கா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கல்லூரியை ஒட்டிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பதிவு பெற்ற நர்ஸ் என்பதால் மரியாதைதான். இங்கே வேலை செய்யும் பிள்ளைகள் உள்ளூர்க்காரிகள், சின்னதுகள். ஒன்றுக்கும் கவுன்சில் பதிவு கிடையாது. மருந்து கொடுத்துவிட்டு, "சிஸ்டர், நீங்க போடுங்க" என்று சார்ட்டை நீட்டும்போது பாவமாக இருக்கிறது. நான் சீனியராக இருந்த இடத்திலும் ஜூனியர் பிள்ளைகளுக்காகக் கையெழுத்துப் போட்டு அவர்களைத் திட்டு வாங்காமல் காப்பாற்றித்தானே பழக்கம்? அதே போல இங்கேயும் போடுகிறேன்.

சாப்பாட்டில் தேங்காயே இல்லை. அம்மாவிடம் சொல்லாதே, தேங்காய் அனுப்பிவிடுவாள்.

ஜிபினுக்கு முத்தம்.
அக்கா


திருவட்டாறு
12 நவம்பர் 2023

அன்பு அக்காவுக்கு, பெமிலா எழுதுவது. நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்பாய், அதனால் கேட்கவில்லை.

கிளாஸ் எப்படி என்று கேட்டேன், நீ தேங்காய்க் கதை எழுதியிருக்கிறாய். போன ஞாயிறு போனில் "நல்லா இருக்கேன்" என்று மூன்று தரம் சொன்னாய். ஒரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

ஒரு காரியம் கேள். ஆலயத்துக்குக் கல்வெட்டு செய்யச் சொல்வதற்காக ரசலையன் மாமாவோடு நாங்கள் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளும் மயிலாடிக்குப் போயிருந்தோம். பட்டறை யாருடையது என்று பார்த்தால் அஞ்சுவின் அப்பா குமாரதாஸுடையது! அஞ்சு வாசலில் நின்றாள். ரசலையன் மாமாவைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயும் நர்ஸ்தானே, பதிவு ஆயாச்சா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். என் தலையில் கை வைத்தாள், உள்ளே போய்விட்டாள்.

அவள் அப்பாவிடம் கேட்டேன். "வந்த நாள்ல இருந்து இப்பிடித்தான் மக்கா. ஊசியக் கண்டா அவளுக்க கை வெறைக்கு. வெளிநாட்டுக்குப் போவணும்னு துள்ளினவ இப்ப வேலைக்கே போவ மாட்டேங்கா" என்றார். வெளியே வந்து ரசலையன் மாமாவிடம் சொன்னதற்கு, அந்தப் பிள்ளைக்கு ஏதோ காதல் விவகாரம் என்றார். அப்படியா அக்கா? உனக்குத் தெரியுமா?

பதில் எழுது. தேங்காய் பற்றி வேண்டாம்.
பெமிலா


மகளிர் விடுதி
20 டிசம்பர் 2023

அன்பான அம்மா, பெமிலா, ஜிபின் மூவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நான் சுகம்.

பண்டிகைக்கு வர லீவு இல்லை. கேரல் வரும்போது ஜிபினைப் பனியில் நிறுத்தாதே. தொப்பி பெட்டியில் இருக்கிறது.

வார்டில் ஒரு தாத்தா போய்விட்டார். பல் இல்லாத வாயால் என்னை மகளே என்று கூப்பிடுவார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரின்சிபல் சார் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்லவர்.

அஞ்சு வீட்டுக்கு இனி போகாதே.

அக்கா


திருவட்டாறு
14 ஜனவரி 2024

அக்காவுக்கு, பெமிலா. எல்லாரும் சுகம். ஜிபினுக்குப் பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்டவேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு உறக்கம் இல்லை. எத்தனை வருஷம் ஐ.சி.யூ. பார்த்தவள் நீ! கண்ணெதிரே எத்தனை பேர் போயிருக்கிறார்கள்! அதற்கெல்லாம் ஒரு பிரின்சிபல் வந்து ஆறுதல் சொல்லவேண்டுமா? அஞ்சு வீட்டுக்கு ஏன் போகக்கூடாது? ஒளிக்கிறாய், அக்கா. ஒளிக்கத் தெரியாதவள் நீ. சின்ன வயதில் அம்மாவின் முறுக்கைத் திருடித் தின்றுவிட்டு வாயைத் துடைக்காமல் வந்து நின்றவள்.

சரி. என் காரியம். நம்ம மாநில அரசு கல்லூரியில் போஸ்ட் பேசிக் படிப்புக்குக் கவுன்சிலிங் வருகிறது. மதிப்பெண் இருப்பதால் எனக்குக் கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் ரசலையன் மாமா வீட்டு ஜெபத்துக்கு வரும்போதெல்லாம், "அக்காக்க கூடப் போய்ப் படி பிள்ள, அங்கதான் வெளிநாட்டு வேலைக்கு மதிப்பு" என்று அம்மாவைக் கரைக்கிறார். அம்மா பாதி கரைந்துவிட்டாள். நான் எங்கே சேரட்டும்? நீ சொல்வதைத்தான் கேட்பேன். வேறு யார் சொல்லும் எனக்கு வேண்டாம்.

உன் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்
பெமிலா


மகளிர் விடுதி
28 ஏப்ரல் 2024

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான தங்கை பெமிலாவுக்கு, அக்கா ஜெஸ்பின் அநேக வாழ்த்துகளோடு எழுதுவது. நான் மிகவும் சுகம். நீயும் அம்மாவும் குழந்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நீ எழுதிக் கேட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. யோசித்தேன். இங்கே வா. இது நல்ல கல்லூரி. அனுபவம் நிறையக் கிடைக்கும். ஜன்னலைத் திறந்தால் மாமரம். பிரின்சிபல் சார் நல்லவர், பதிவு பெற்ற நர்ஸ்களுக்குத் தனி மரியாதை. அசல் சான்றிதழ்களை ரசலையன் மாமாவிடம் கொடுத்துவிடு. ரசீது கேட்டு அவர் மனதை நோகடிக்காதே.

அரசு கல்லூரிச் சீட்டுக்காகக் காத்திருந்து வருஷத்தை வீணாக்காதே. வரும்போது போர்வை கொண்டு வா, குளிரும். வாளி கொண்டுவர வேண்டாம். இங்கே இருக்கிறது.

உன் வருகைக்காகக் காத்திருக்கும்
அக்கா ஜெஸ்பின்


திருவட்டாறு
19 மே 2024

என் தங்க அக்காவுக்கு, பெமிலா ஆயிரம் தோத்திரத்தோடு எழுதுகிறேன்.

இவ்வளவு நாள் உன்னை எப்படியெல்லாம் சந்தேகப்பட்டேன், மன்னித்துவிடு. உன் கடிதத்தை அம்மா சபையில் எல்லாருக்கும் காட்டிவிட்டாள். கவுன்சிலிங்கில் எனக்குச் சீட்டு கிடைத்தது, அக்கா. கேட்டுச் சந்தோஷப்படு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அலுவலகத்து அம்மா, "யோசிச்சுத்தான் எழுதுறியாம்மா?" என்று இரண்டு தரம் கேட்டாள். எங்கள் அக்கா யோசித்துவிட்டாள் என்றேன்.

போன ஞாயிறு போதகர் என் ஃபைல் மேல் கை வைத்து ஜெபித்தார். மாமா வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்குக் கிள்ளும் வேலை மிச்சம்.

ஜிபினை அம்மாவும் பெர்லினும் பார்த்துக்கொள்வார்கள். நம்ம சித்தி மகள் பெர்லின் டிப்ளமோ முடித்துவிட்டாள், தெரியுமா? வீட்டில் சும்மா இருந்து பதிவுக்குக் காத்திருக்கிறாள். நாம் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்து சண்டை போட்டு எத்தனை வருஷம்! உனக்கு நார்த்தங்காய் ஊறுகாயும் முந்திரிக்கொத்தும் எடுத்து வருகிறேன். ஜூலை முதல் வாரம் என் மூஞ்சியைப் பார்ப்பாய்.

உன் பெமிலா


மகளிர் விடுதி
7 ஜூலை 2024

ஜெஸ்பினுக்கு.

சுகம் விசாரிக்க எனக்கு மனதில்லை. 

முந்திரிக்கொத்து அப்படியே இருக்கிறது. நான் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தபோது நீ ஃபைலோடு நின்றாய். எனக்கு நீ இறங்கி வந்து வரவேற்கிறாய் என்று தோன்றியது. என்னைக் கட்டிப்பிடித்தாய், "ஜிபினுக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டாய், நான் பெட்டியைக் கீழே வைக்கும் முன் ஆட்டோவில் ஏறிவிட்டாய். சாயா குடிக்கக்கூட நிற்கவில்லை, உன் அஞ்சுவைப் போலவே.

ஐ.சி.யூ.வில் இருக்கும் ஒரு பிள்ளை அழுதுகொண்டே எல்லாம் சொல்லிவிட்டாள். அந்தத் தாத்தாவுக்கு மருந்தை மாற்றிப் போட்டது அவள்தான். சார்ட்டில் இருந்ததோ உன் கையெழுத்து. அந்தச் சார்ட்டையும் உன் சான்றிதழ்களையும் பிரின்சிபல் ஒரே அலமாரியில் வைத்துப் பூட்டினார். "உன் இடத்துக்குப் பதிவு பெற்ற ஒருத்தி வந்தால் நீ உன் ஃபைலை எடுத்துக்கொண்டு போகலாம், டிகிரியும் வரும்" என்றார். அஞ்சு உன்னைக் கொண்டுவந்தாள். நீ என்னைக் கொண்டுவந்தாய். கிளாஸ் என்று இங்கே ஒன்றும் கிடையாது. கவுன்சில் பதிவு எண்ணோடு ஒரு கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான் படிப்பு.

உன் கூடப்பிறந்தவள் நான், பாவி! கடிதத்தை வார்டன் படிப்பாள் என்று பயந்தாய், சரி. இதை ஒரு நோயாளியின் மகளிடம் கொடுத்து வெளியே தபாலில் போடச் சொல்கிறேன். வந்த வாரத்திலேயே எனக்கு வழி கிடைத்தது. ஒரு வருஷம் இருந்த உனக்குக் கிடைக்கவில்லையா? வராதே என்று ஒரு சொல் எழுதக்கூடாதா? கையில் இருந்த சீட்டை உன் சொல்லுக்காக விட்டேனே!

அம்மாவிடம் சொல். சபையில் எழுந்து நின்று, ரசலையன் முன்னால் சொல். உன் ஃபைல் உன் கையில் வந்துவிட்டது, இனி உனக்கு என்ன பயம்? அஞ்சுவையும் கூட்டிக்கொண்டு கவுன்சிலுக்குப் போ. நீ சொன்னால் நான் வெளியே வருவேன்.

நீ சொல்லாவிட்டாலும் ஒன்று கேட்டுக்கொள். உன்னைப் போல நான் இன்னொருத்தியை இதில் தள்ளமாட்டேன். இங்கேயே கிடந்து செத்தாலும் தள்ளமாட்டேன்.

பெமிலா


திருவட்டாறு
22 செப்டம்பர் 2024

கர்த்தருக்குள் அன்பான பெமிலாவுக்கு அக்கா எழுதுவது. அம்மா சுகம். ஜிபின் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

உன் கடிதம் கிடைத்தது. வாசித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை, அவளுக்குப் பிரஷர் ஏறும்.

ரசலையன் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அந்தத் தாத்தாவின் சார்ட்டுக்கு நகல் உண்டு என்று சொன்னார். சாயா குடித்தார், ஜெபம் பண்ணினார், போய்விட்டார்.

போன வாரம் ஜிபினுக்குக் காய்ச்சல். ஊசி போடவேண்டியிருந்தது, மார்த்தாண்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "வீட்டுல நர்ஸ வச்சிட்டு ஏம்ட்டி அங்க போறோம்?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டாள். நான் ஜிபினின் போர்வையை இழுத்து மூடினேன். அயர்லாந்து விண்ணப்பம் சரியாகிவிட்டது. ஜனவரியில் நானும் ஜிபினும் கிளம்புகிறோம். டெனிஷ் அங்கேயே வந்துவிடுவார். அங்கே போய் எப்படி வேலை செய்வேன் என்று தெரியவில்லை.

தினமும் உனக்காக ஜெபிக்கிறேன்.

பெர்லினுக்குக் கவுன்சில் பதிவு வந்துவிட்டது. அவளும் மேலே படிக்க ஆசைப்படுகிறாள். உன் முகவரி கேட்டாள். கொடுத்தேன்.

அக்கா ஜெஸ்பின்


மகளிர் விடுதி
16 மார்ச் 2025

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான தங்கை பெர்லினுக்கு, பெமிலா அக்கா அநேக வாழ்த்துகளோடு எழுதுவது. நான் மிகவும் சுகம். நீயும் சித்தியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஜெஸ்பின் அக்கா ஜிபினோடு அயர்லாந்து போய்ச் சேர்ந்ததாக அம்மா போனில் சொன்னாள், சந்தோஷம்.

நீ எழுதிய நான்கு கடிதங்களும் கிடைத்தன. பதில் போடவில்லை என்று கோபப்படாதே. வேலை அதிகம். போன மாதம் வார்டில் சின்னப் பெண் ஒருத்தி போய்விட்டாள், பிரசவத்துக்கு வந்தவள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரின்சிபல் சார் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். நல்லவர்.

எங்கே படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். யோசித்தேன். இங்கே வா. அனுபவம் நிறையக் கிடைக்கும். ஜன்னலைத் திறந்தால் மாமரம், இப்போது பூத்திருக்கிறது. சான்றிதழ்களை ரசலையன் மாமாவிடம் கொடுத்துவிடு. வரும்போது போர்வை கொண்டு வா, குளிரும்.

வாளி கொண்டுவர வேண்டாம். இங்கே இருக்கிறது.

உன் வருகைக்காகக் காத்திருக்கும்
பெமிலா அக்கா